ஒலி உணர்வாகும் இடம்

காது என்று நாம் எதைச் சொல்லுகிறோமோ, தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்தி எதில் துளையிட்டுப் பொன்னணி பூட்டி மகிழ்கிறோமோ, அந்த மடலுக்குக் கேட்டல் என்னும் காரியத்தில் உள்ள பங்கு மிகச் சிறிது. மெய்யாகவே கேட்கிற காது வெளியே தெரிவதில்லை. உடம்பிலுள்ள எலும்புகளுள் மிகக் கடினமானவற்றில் ஒன்றென்று உடற்கூற்று நூலார் கூறும் பொட்டெலும்பின் உட்பகுதியைக் குடைந்து, அதற்குள்ளே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு சுருளை வைத்து, அச்சுருளில் நீரை நிரப்பி, அந்நீருக்கு நடுவே கண்ணுக்குப் புலப்படாத சில ஆயிரம் உயிரணுக்களை வரிசையாக நிறுத்தி, அவற்றினிடத்தில்தான் தாயின் தாலாட்டையும் நாகஸ்வரத்தின் நாதத்தையும் இடியின் முழக்கத்தையும் அறியும் சக்தியை இயற்கை ஒப்படைத்திருக்கிறது. இத்தனை பந்தோபஸ்து எதற்காக என்பதை அவ்வுயிரணுக்களின் தன்மையை அறிந்தவர் உணர்வர். போனால் மீண்டும் வாராத பொருள் அவை.

ஒலி என்பது காற்றில் உண்டாகும் அசைவு. மிருதங்கத்தின் தோல் அதிர்ந்து வெளியே வருகையில் அதை அடுத்துள்ள காற்று நெருங்குகிறது. உள்ளே செல்லுகையில் நெகிழ்கிறது. இந்த நெருக்கமும் நெகிழ்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் நாற்புறமும் பரவுகின்றன. விநாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை இளமைப் பருவத்துச் செவி ஒலியாக அறியும். மடலிலுள்ள மேடு பள்ளங்கள் ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா, முன்னிருந்தா பின்னிருந்தா என்பதை அறிய உதவுகின்றன. அதனை அடுத்து, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாய். இக்குழாயில் சுரக்கும் குறும்பியை அழுக்கென்று கருதிக் கொண்டை ஊசியையும் கோழி இறகையும் தீக்குச்சியையும் விட்டுக் குடைவது நம்மவரிடையே பெருவழக்கமாக இருக்கிறது. குறும்பி அழுக்கன்று, காவல். தூசியையும் பூச்சியையும் உள்ளே புகவொட்டாமல் தடுப்பது அதுவே. குழாயின் தோல் தானாகவே உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்து பழைய குறும்பியைக் கொணர்ந்து வெளியே தள்ளிவிடுகிறது. குடைபவர் அதை மேலும் உள்ளே அழுத்திவிடுகிறார் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

குழாயின் கோடியில் இருக்கிறது செவிப்பறை. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நிசப்தமான அறையில் காதுக்கு எட்டுகிற மிக நுண்ணிய ஒலி இப்பறையை அசைக்கும் தூரம் ஓர் அணுவின் குறுக்களவினும் குறைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பறைக்கு அப்பால் காற்று நிறைந்த சிறு அறையாகிய நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று உருவத்தால் பெயர்பெற்ற மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. அவற்றுள் அங்கவடி சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரமே உள்ளது. மனித உடம்பில் இதனினும் சிறிய எலும்பு கிடையாது. குழந்தை பிறக்கும்போதே இம்மூன்றும் முழு அளவில் வளர்ந்துவிட்டிருக்கின்றன. இவ்வறைக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு குழல் உண்டு. கொடைக்கானல் மலையில் பஸ் ஏறும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியவுடன் அடைப்பு நீங்குவதும் அக்குழல் மூடித் திறப்பதன் விளைவு. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் சாய்வின்றியும் இருப்பதால்தான் சளி பிடித்த சில நாளில் காதில் வலி கண்டு சீழ் வடிகிறது.

மூன்று எலும்புகள் எதற்கு, பறையின் அசைவு நேரே உட்செவிக்குச் சென்றால் ஆகாதா என்ற வினா இங்கே எழுகிறது. ஆற்றில் முழுகி நீராடுபவருக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடுவது கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலி நீரின் மேல் பட்டதும் ஆயிரத்தில் ஒரு பங்கு மாத்திரம் உள்ளே புக, மற்ற அனைத்தும் திரும்பிப் போய்விடுகிறது. உட்செவியோ நீரால் நிறைந்தது. ஆகவே காற்றிலிருந்து நீருக்கு ஒலியைக் கடத்துவதே செவியின் முதற் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவே இவ்வெலும்புகள் ஏற்பட்டன. கட்டைவிரலால் மரத்தைக் குத்தினால் இறங்காத பலம், ஆணியின் தலையில் கொடுக்கப்படும்போது அதன் கூர்முனையில் திரண்டு மரத்தைத் துளைக்கிறதல்லவா? அதுபோலவே செவிப்பறையின் அகன்ற பரப்பில் விழும் அழுத்தம் முழுவதும், அதன் பரப்பில் பதினேழில் ஒரு பங்கே உள்ள அங்கவடியின் அடித்தட்டில் வந்து குவிகிறது. எலும்புகள் நெம்புகோலாக அசைவதால் கிடைக்கும் சிறு லாபத்தையும் சேர்த்தால் அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்கு பெருகுகிறது. அந்தப் பலத்தோடு அங்கவடி உட்செவியின் சாளரத்தில் மோத, அங்கே நீர் அசைகிறது.

அந்நீர் இருக்கும் சுருளை நத்தைக்கூடு என்பர். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுருண்டிருக்கும் அதை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் வரும். அதன் நடுவே ஆதியோடந்தமாக ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. நீரில் எழுந்த அசைவு இச்சவ்வை என்ன செய்கிறது என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரிய விஷயமாக இருந்தது. ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சவ்வின் ஒவ்வொரு நாரும் தனக்குரிய ஸ்வரத்திற்குத் தனித்தனியே அதிர்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூறினார். அதைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று துணிந்தவர் ஹங்கேரி நாட்டு கியோர்க் வான் பெக்கசி. அவர் வைத்தியரல்லர், புடாபெஸ்ட் நகரில் தபால் தந்தி இலாகாவின் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். டெலிபோனைச் செம்மைப்படுத்த வேண்டுமானால், அது எந்த யந்திரத்தோடு பேசுகிறதோ அந்த யந்திரத்தை, அதாவது மனிதச் செவியை, அறிந்துகொள்ளவேண்டும் என்பது அவருடைய எண்ணம். இறந்தவர்களின் செவிகளைப் பெற்று, நத்தைக்கூட்டின் சுவரை நுண்கருவிகளால் மிக ஜாக்கிரதையாகத் திறந்து, சவ்வின்மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் நுண்ணோக்கியின் வழியே அவர் பார்த்தபோது, சுருளின் அடியிலிருந்து புறப்பட்ட ஓர் அலை சவ்வின்மீது பிரயாணம் செய்து, ஓரிடத்தில் உயர்ந்தெழுந்து, அதற்கப்பால் விரைவில் அடங்கிவிட்டது. உச்ச ஒலிக்கு அது சுருளின் வாயிலருகிலேயே உயர்ந்தது. மந்த ஒலிக்கு நுனி வரை சென்று உயர்ந்தது. வாயிலருகே சவ்வு குறுகி விறைப்பாகவும் நுனியில் அகன்று தளர்ந்தும் இருப்பதே காரணம். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1961ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இவ்வாறு ஒலியைப் பகுத்து, ஒவ்வோர் அதிர்வுக்கும் சவ்வில் ஒரு ஸ்தானம் கொடுக்கும் ஏற்பாடு இருப்பதனாலேயே சங்கீதம் சாத்தியமாகிறது. மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவிலுள்ள கருஞ்சாந்து வட்டம், அத்தோலில் எழும் மேலதிர்வுகளை அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக அமைக்கிறது என்று 1920இல் சி. வி. ராமன் எடுத்துக்காட்டினார். சாதாரண முரசில் அவை அவ்வாறு ஒழுங்குபடுவதில்லை. ஆகையால் அது வெறும் முழக்கமாகவும், மிருதங்கம் சுருதி சேர்ந்த நாதமாகவும் கேட்கின்றன.

பெக்கசி கண்டது செத்த செவியில். உயிருள்ள செவி அதனினும் பன்மடங்கு கூர்மையானது என்பது பின்னர்த் தெரியவந்தது. அந்தக் கூர்மையின் இரகசியம் சவ்வின்மேல் அமர்ந்துள்ள ரோம உயிரணுக்களில் இருக்கிறது. 1851இல் இத்தாலியரான அல்போன்சோ கோர்ட்டி இவ்வுயிரணுக்கள் அமைந்த உறுப்பை விரிவாக வருணித்தார். உள்வரிசை ஒன்றில் சுமார் 3,500; வெளிவரிசைகள் மூன்றில் சுமார் 12,000. ஒவ்வோர் உயிரணுவின் தலையிலும் நுண்ணிய ரோமக் கற்றை ஒன்று, குட்டையானது முன்னும் நெட்டையானது பின்னுமாகப் படிப்படியாக நிற்கிறது. ஒரு ரோமத்தின் நுனியை அடுத்ததோடு பிணைக்கும் இழையும் உண்டு. சவ்வு அசையும்போது கற்றை சாய்கிறது. சாய்ந்தால் இழை இறுகுகிறது. இழை இறுகினால் ரோமத்திலுள்ள மிக நுண்ணிய வாயில் திறந்து, சூழ்ந்துள்ள நீரிலிருந்து பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் மின் மாறுதலாகி, செவி நரம்பின் சுமார் 30,000 இழைகள் வழியே மூளையை எட்டுகிறது. இயக்கம் உணர்வாக மாறும் இடம் இதுவே.

வெளிவரிசை உயிரணுக்களின் தொழில் இதனினும் விசித்திரமானது. அவை ஒலிக்கு இசைந்து தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய அசைவைப் பெருக்கி உள்வரிசைக்கு ஊட்டுகின்றன. அவற்றின் இயக்கத்தால் செவியிலிருந்தே மிக நுண்ணிய ஒலி வெளியே வருகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கிலேயர் நிரூபித்தபோது, செவி ஒலியை ஏற்பதோடு எழுப்பவும் செய்யும் என்பதை நம்ப விஞ்ஞானிகள் பலரும் தயங்கினார்கள். இன்று அதே ஒலியைக் கொண்டுதான் தூங்கும் சிசுவின் காதைச் சோதிக்கிறார்கள்.

இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தில், ஒரு விநாடியை லட்சம் பங்காக்கியதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் அதைக் கொண்டு ஒலி வந்த திசையை மூளை ஊகித்துவிடுகிறது. ஒரு காது மந்தமானவர் தெருவைக் கடக்கும்போது வண்டி வரும் பக்கம் தெரியாமல் திகைப்பது இதனால்தான்.

பறவைகளுக்கு ரோம உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன. மனிதருக்கு அவ்வாறில்லை; கருவில் அமைந்தவையே ஆயுள் முழுவதும் உழைக்கவேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் தாங்குவது அபாயம் என்பது அறிஞர் வகுத்துள்ள எல்லை. நடுச்செவியில் இரு சிறு தசைகள் உரத்த ஒலி கேட்டவுடன் எலும்புகளை இறுக்கிப் பிடித்துக் காப்பாற்ற முயல்கின்றன. ஆனால் பட்டாசு வெடிக்கும் வேகத்திற்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிப் பெட்டியின் வாயருகே குழந்தைகளை உட்காரவைப்பவர் பலர். அது அன்போடு செய்யும் பெருந்தீங்கு. கன்னத்தில் அறைகிறவரும் அவ்வறை காதில் பட்டால் செவிப்பறை கிழியக்கூடும் என்பதை அறியவேண்டும்.

வயது ஏறும்போது சுருளின் வாயிலருகே உள்ள உயிரணுக்கள் முதலில் தேய்கின்றன. அவை உச்ச ஒலிக்குரியவை. பேச்சில் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அவற்றையே பற்றியது. ஆகையால் முதியவருக்கு உயிரொலி கேட்க, மெய் நழுவிவிடுகிறது; பத்து என்றதைப் பட்டு என்றும், பட்டு என்றதைப் பற்று என்றும் கொள்கிறார். "கேட்கிறது, புரியவில்லை" என்று அவர் சொல்வது முற்றிலும் உண்மை. அவரிடம் கத்துவதில் பயனில்லை. முகத்துக்கு நேராக இருந்து நிதானமாகப் பேசினால் போதும். தக்க கருவியும் உதவும்.

குழந்தைகளின் விஷயமோ அவசரமானது. "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் சொல்ல, காது கேளாத குழந்தையின் மொழி கற்கும் பருவம் வீணே கழிந்துவிடுவதுண்டு. பிறவியிலேயே ரோம உயிரணுக்கள் செயலற்றிருந்தாலும், அவற்றைத் தாண்டிச் செவி நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் கருவியை நத்தைக்கூட்டினுள் பொருத்த இன்று வழியிருக்கிறது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகளுக்கும் அச்சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் காலம் தாழ்ந்தால் மூளை அவ்வொலியைப் பேச்சாகக் கொள்ளப் பழகுவது கடினம். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், அதன் செவியைச் சோதித்தாயிற்றா என்று மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் கேளுங்கள்; இல்லையென்றால் முதல் மாதம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.