அடிமேல் அடிவைக்கும் கணிதம்

ஓர் அளவு மாறும் விரைவு அதன் அப்போதைய நிலையைச் சார்ந்திருக்குமானால், அந்த உறவை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதலாம். காய்ந்த இரும்பு ஆறுவதும், கதிரியக்கத் தனிமம் சிதைவதும், கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுவதும் அவ்வாறே எழுதப்படுகின்றன. எழுதுவது எளிது, தீர்ப்பது அரிது. இரண்டு வான்பொருள்களின் இயக்கத்தை நியூட்டன் தீர்த்தார். மூன்றாவது ஒன்று சேர்ந்தவுடன் எளிய பொது வாய்பாடு ஏதும் இல்லாமற் போகிறது. அத்தகைய இடங்களில் எண்களே வழித்துணை.

அவ்வழியின் அடிப்படையை லியோனார்டு ஆய்லர் 1768இல் வெளிவரத் தொடங்கிய தம் தொகையீட்டு நூலில் வகுத்தார். நிற்கும் புள்ளியில் சாய்வு எவ்வளவு என்பதைச் சமன்பாடே சொல்லிவிடும். அந்தச் சாய்வில் நேர்கோடாகச் சிறிது தொலைவு நகர்ந்து, அங்கே புதிய சாய்வைக் கண்டு, மீண்டும் நகர வேண்டும். தன் அளவுக்கு ஈடான விரைவில் வளரும் ஒன்று 1இல் தொடங்கினால், ஓரலகு நேரத்தில் 2.71828 ஆகும். 0.1 நீளமுள்ள பத்துப் படிகளில் ஆய்லர் முறை தருவது 2.5937. படியை 0.01 ஆக்கினால் 2.7048. உழைப்பு பத்து மடங்கு. பிழை குறைவதும் ஏறத்தாழப் பத்து மடங்குதான்.

இந்த மந்தத்தை ஜெர்மானியரான கார்ல் ரங்கே 1895இலும், வில்ஹெல்ம் குட்டா 1901இலும் போக்கினர். குட்டாவின் புகழ்பெற்ற முறை ஒரு படிக்குள் நான்கு சாய்வுகளைக் காண்கிறது: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, முடிவில் ஒன்று. நடுச் சாய்வுகளுக்கு இரட்டிப்பு மதிப்பளித்துச் சராசரி எடுத்தால், மேற்கண்ட கணக்கில் அதே பத்துப் படிகள் 2.7182797 தருகின்றன. ஆய்லர் முறையில் இத்துல்லியத்தை எட்ட ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். நாற்பது சாய்வுகளில் இவ்வளவு கைகூடுவது கணிதத்தின் பேரழகுகளுள் ஒன்று.

ஆனால் துல்லியம் மட்டும் போதாது. தன் அளவைப்போல் நூறு மடங்கு விரைவில் தேயும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உண்மையில் அது நொடிப்பொழுதில் சுழியை நெருங்கிவிடும். 0.03 நீளப் படியில் ஆய்லர் முறை தரும் எண்களோ 1, −2, 4, −8 எனக் குறிமாறிப் பெருகி, பத்தாம் படியில் 1024ஐத் தொடுகின்றன. குட்டாவின் முறையும் அதே படியில் தேய்வதை விட்டுவிட்டு, அடிதோறும் 1.375 மடங்காக வளர்க்கிறது. தேய வேண்டியதை வளர்க்கும் கணக்கில் எத்தனை இலக்கம் இருந்தென்ன? நிலைப்பே முதன்மை, துல்லியம் அதற்குப் பிறகு என்று கருதுகிறேன். பாடநூல்கள் இதைக் கடைசி இயலுக்குத் தள்ளுவது தகாது.

வேதிவினைகளில் இவ்விடர் அன்றாட நிகழ்வு. சில வினைகள் கண்ணிமைப்பதற்குள் முடிகின்றன. வேறு சில நீண்ட நேரம் ஊர்கின்றன. விரைந்தது மறைந்த பின்னும், அதன் பொருட்டே கணக்கு முழுவதும் நுண்ணிய படிகளில் ஊர வேண்டியிருக்கிறது. 1952இல் கர்ட்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய சமன்பாடுகளுக்கு 'விறைப்புச் சமன்பாடுகள்' எனப் பொருள்படும் பெயரிட்டனர், மருந்தையும் காட்டினர். படியின் தொடக்கச் சாய்வுக்கு மாறாக, இன்னும் சென்றடையாத முடிவின் சாய்வைக் கொள்ள வேண்டும். அறியாத எண் சமன்பாட்டின் இருபுறமும் வருவதால், ஒவ்வோர் அடியிலும் அதைத் தீர்த்தாக வேண்டும். உழைப்பு கூடும், பயன் அதனினும் பெரிது. மேற்கண்ட கணக்கே இப்போது 1, 0.25, 0.0625 என அடங்கித் தேய்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. முந்தைய பல புள்ளிகளைப் பயன்படுத்தும் நேரியல் முறைகளுள், எவ்வளவு நீண்ட படியிலும் தேய்வைத் தேய்வாகவே காப்பவை இரண்டாம் வரிசைத் துல்லியத்தை, அதாவது படி பத்து மடங்கு சுருங்கினால் பிழை ஏறத்தாழ நூறு மடங்கு குறையும் நிலையை, தாண்டவே இயலாது என 1963இல் சுவீடன் நாட்டு ஜெர்மண்ட் டால்க்விஸ்ட் நிறுவினார். நிலைப்பு பற்றிய அந்தக் கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்தி, 1971இல் வில்லியம் கியர் முடிவின் சாய்வையே கொள்ளும் உயர்வரிசைப் பின்னோக்கு முறைகளைக் கணிப்பொறி நிரலாக வழங்கினார். அவற்றுள்ளும் ஆறாம் வரிசை வரையே பயன்படும். ஏழாவதிலிருந்து, படியை எவ்வளவு சுருக்கினாலும் பிழை பெருகுவதைத் தடுக்க முடியாது.