கணினி மேசையின் அழகும் அதன்முன் அமரும் உடலும்

கழுத்துவலி, தோள்வலி, விரல் மரத்துப்போதல் ஆகியவற்றுக்காக எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடம், வீட்டில் கணினியை எப்படி வைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். இளைஞர்கள் பலர் பதில் சொல்லும் முன்பே கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டிவிடுகிறார்கள். 27 அங்குலத் திரை, அதன் பின்னால் நிறம் மாறும் விளக்கு, தட்டும்போதெல்லாம் ஓசை எழுப்பும் மெக்கானிக்கல் கீபோர்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் விசிறிகள், ஓரத்தில் ஒரு மணிபிளாண்ட். நண்பர்களுக்கு அனுப்பிப் பாராட்டுப் பெற்ற படம் அது. உடன் வந்திருக்கும் பெற்றோரோ, எல்லாம் இந்தக் கணினியால்தான் என்று குறைப்படுவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் சேர்வதில்லை. தன் மேசையை ஆசையோடு அமைத்தவர், சொன்னால் அதைத் திருத்தி அமைக்கவும் செய்கிறார். அக்கறையின்றிக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக் குனிந்திருப்பவரைத் திருத்துவதுதான் கடினம்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. அது எப்போதும் முன்பக்கத்திலிருந்து, நாற்காலியை ஒதுக்கிவிட்டு எடுக்கப்படுகிறது. மேசை இருக்கிறது, அமர்பவர் இல்லை. எங்களுக்குத் தேவைப்படுவது வேறொரு படம். அரைமணி நேரம் வேலை செய்தபின், அவர் எதிர்பாராத நேரத்தில், வீட்டிலுள்ள ஒருவர் பக்கவாட்டில் நின்று எடுக்கும் படம்.

அதில் நாங்கள் முதலில் பார்ப்பது முழங்கையை. கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. ஐந்தடிக்குச் சற்று மேல் உயரமுள்ள ஒரு பெண், பாதங்கள் தரையில் படியுமாறு அமர்ந்தால், அவருடைய முழங்கை அந்தப் பலகைக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் கீழே இருக்கும். கைகளை மேசைமேல் வைக்க அவர் தோள்களைத் தூக்கியாக வேண்டும். நாள் முழுதும் தூக்கிய தோள், மாலையில் பின்கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுகிறது. மேசையின் காலை அறுக்க வேண்டியதில்லை. முழங்கை பலகையின் மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்திவிட்டு, தொங்கும் பாதங்களுக்குக் கீழே உறுதியான ஒரு மணையையோ மரப்பெட்டியையோ வைத்தால் போதும். விலையுயர்ந்த துணைப்பொருள்கள் பல செய்யாததை அந்த மணை செய்துவிடும்.

நாற்காலி பற்றி ஒரு சொல். விளையாட்டு நாற்காலிகள் எனப்படுபவை பந்தயக் கார் இருக்கையின் வடிவில் செய்யப்பட்டவை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடல் சரியாமல் பிடித்துக்கொள்ளவே அந்தப் பக்கச் சிறகுகள். மேசை எந்த வளைவிலும் திரும்புவதில்லை. உயரமும், முதுகுச் சாய்வும், கைப்பிடியும் மாற்றக்கூடிய எளிய அலுவலக நாற்காலியே போதுமானது.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கைநீளத் தொலைவு வேண்டும். இதைப் பலரும் அறிவர். ஆனால் பைஃபோகல், புரோகிரெசிவ் கண்ணாடி அணிவோருக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் மடக்குகிறார்கள். மகன் அன்போடு வாங்கித் தந்த உயரமான ஸ்டாண்டு தந்தைக்குக் கழுத்துவலியாக முடிவது இப்படித்தான். அவர்கள் திரையை நன்கு தாழ்த்தி, சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு திரைகள் உள்ளவர்கள், அதிகம் பயன்படுத்துவதை நேர் எதிரே வைக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எதிரே வைத்தால் கழுத்து எப்போதும் ஏதோ ஒரு பக்கம் திரும்பியே இருக்கும்.

எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது மணிக்கட்டு. அங்கே எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே குறுகிய பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியே செல்கின்றன. கையைப் பின்னோக்கி வளைத்தால் அப்பாதையில் அழுத்தம் கூடும். மெக்கானிக்கல் கீபோர்டு இயல்பாகவே உயரமானது. அதன் பின்புறச் சிறு கால்களையும் நிமிர்த்திவிட்டால் மணிக்கட்டு மேலும் வளைகிறது. அக்கால்களை மடக்கிவிடுங்கள். முன்னால் வைக்கும் மெத்தைப்பட்டை, தட்டச்சுக்கு இடையே கை ஓய்வதற்கு உரியது. தட்டும்போது மணிக்கட்டை அதில் அழுத்தி ஊன்றுவதற்கு அன்று. எண்விசைகள் உள்ள கீபோர்டு, மவுஸை ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளிவிடும். தோள் அந்த அளவுக்கு விரிந்தே இருக்கும். கணக்கு வேலை இல்லாதவர்க்கு எண்விசையற்ற சிறிய கீபோர்டு நல்லது. இது அழகுக்காக வாங்கினாலும் உடலுக்கும் உதவும் அரிய பொருள்களுள் ஒன்று.

மேற்சொன்ன நரம்பு நசுங்குவதையே கார்பல் டன்னல் என்கிறோம். இதற்குக் கணினி மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்; ஆய்வுகள் அதில் ஒருமித்த முடிவு தரவில்லை. நீரிழிவு, தைராய்டுக் குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் இது மிகுதியாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆகவே மேசையை மாற்றினால் போதும் என்று எண்ணி, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய், இரவில் விழிப்பு வந்து கையை உதற வேண்டியிருப்பது தொடக்க அறிகுறி. சுண்டுவிரல் மரத்தால் காரணம் பெரும்பாலும் வேறு: மேசையின் கூரிய விளிம்பிலோ கடினமான கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றுவதால் அங்குள்ள மற்றொரு நரம்பு அழுந்துகிறது.

தொடக்கத்தில் வந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். நாள்பட விட்டால் மரப்பு நிலைத்துவிடும். பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றிப்போகும். அதன்பின் அறுவைச் சிகிச்சை செய்தாலும், போன வலிமை முழுதும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. தட்டச்சும் தையலும் சமையலும் அந்தப் பெருவிரலை நம்பியே நடக்கின்றன.

வண்ண விளக்குகளைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவது தேவையில்லை. இருட்டறையில் திரை மட்டும் பளிச்சென்று எரிவதைவிட, அதன் பின்னால் மெல்லிய ஒளி இருப்பது கண்ணுக்கு இதமே. கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இமைக்க மறப்பது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தொலைவில் உள்ள எதையேனும் இருபது நொடி பாருங்கள். அப்போதே எழுந்து நின்றால் முதுகுக்கும் நல்லது. முதியோர் உள்ள வீட்டில், படத்தில் தெரியாமல் தரையில் ஒதுக்கிய கேபிள்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவோரையும் நாங்கள் பார்க்கிறோம்.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. டம்ளர் கைநழுவி விழுவது, சட்டைப் பொத்தானிடத் தடுமாறுவது, கழுத்துவலியோடு நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க இயலாமற்போவது. முதல் இரண்டுக்கு அந்த வாரத்திலேயே வாருங்கள். பின்னிரண்டில் எது தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.