வாசலைப் பார்த்த கண்கள்



எங்கள் ஊர் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்று பேப்பரிலும் டி.வி.யிலும் ரொம்ப நாள் அடிபட்டதே, அதே ஊர்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய குடும்பத் தலைவி நான். யாருக்கும் புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் செய்த ஒரு தப்பையும், அதை எப்படி உணர்ந்தேன் என்பதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் நாத்தனாருக்கு ஒரே பையன். பிறந்தவுடன் அழவில்லை. மூளை முடக்குவாதம் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? என் கணவர் மடியில் வைத்ததும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை, எச்சில் ஒழுகியது. வந்திருந்த சனம் குசுகுசுவென்று பேசியது. எனக்கு என்னவோ அவமானமாகப் போய்விட்டது. அடுப்படியில் வைத்து நாத்தனாரிடம், "இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பாக்கத்தான் சிஸ்டருங்க இல்லம் நடத்துறாங்களே, அங்கே விட்டுட்டு இன்னொண்ணு பெத்துக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டேன். அவள் பதிலே பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை.

2018-ல் மத்திய போலீஸ் படையில் இருந்த என் கணவருக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் எனக்குப் பகல் முழுக்கச் சும்மா. பாஷையும் தெரியாது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மலையாளத்து அக்காதான், "வாயேன், அன்னை தெரசா இல்லத்துக்குப் போய் ஏதாவது ஒத்தாசை செய்வோம்" என்று கூட்டிப் போனார்.

அன்னை 1950-ல் தொடங்கிய சபை அது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1955-ல் சிசு பவனைத் திறந்தார். 1979-ல் நோபல் பரிசு பெற்று, 1997-ல் மறைந்து, 2016-ல் புனிதராக அறிவிக்கப்பட்டது உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்தச் சபையார் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே கொல்கத்தாவில் நடத்தும் இல்லத்தின் பெயர் 'தயா தான்'. பெயரைப் பதிந்துகொண்டு நாங்கள் அங்கேதான் போனோம்.

ஊரிலிருந்து மாமியார் போனில், "மதம் மாத்திரப் போறாங்கடி!" என்று பயந்தார். என் நெற்றிக் குங்குமத்தைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி துவைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்! துவைத்துக் காயப்போடுவது, படுக்கை விரிப்பது, கை கால் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பது, சோறு ஊட்டுவது என்று காலை நேரம் ஓடிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த படித்த பெண்களும் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி பிழிந்தார்கள்.

முதல் நாள் ஒரு பையனுக்கு ஊட்டச் சொன்னார்கள். நம் ஊர் வழக்கப்படி மடியில் சாய்த்துப் படுக்க வைத்து ஊட்டினேன். புரையேறிக் கண் சொருகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது! அங்கே வேலை பார்த்த மாஷி ஓடி வந்து பிள்ளையை நிமிர்த்தினார். (மாஷி என்றால் வங்காளியில் அம்மாவின் கூடப் பிறந்தவள், நம் சித்தி, பெரியம்மா மாதிரி.) அப்புறம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தலை பின்னால் சாயக் கூடாது, மோவாய் லேசாகக் கீழே இருக்க வேண்டும். சின்ன ஸ்பூனில் கொஞ்சமாகக் கொடுத்து, விழுங்கின பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கப் போடக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்தப் பையனுக்கு ஒரு வேளை சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் நாத்தனார் தினமும் மூன்று வேளை ஒற்றை ஆளாக இதைத்தானே செய்கிறாள் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை.

அங்கே குழந்தைகளுக்குச் சுத்தம், சாப்பாடு, அன்பு எதிலும் குறை கிடையாது. ஆனாலும் யார் வருகிற காலடிச் சத்தம் கேட்டாலும் அத்தனை கண்களும் வாசல் பக்கம் திரும்பும். 'யாருக்காகக் கண்ணு பாக்குறீங்க?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். ஓர் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு பிள்ளையைத்தான் நான் பிரிக்கச் சொன்னேன்!

2020-ல் கொரோனாவுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டோம். மறுநாளே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "பையனுக்கு நான் ஊட்டட்டுமா?" என்று கேட்டேன். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து நிதானமாக ஊட்டினேன். ஒரு தடவைகூட இருமாமல் சாப்பிட்டான். "மதினி, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

கொல்கத்தாவில் எங்களைப் போன்ற தொண்டர்களுக்கு வியாழக்கிழமை விடுமுறை. இப்போது அதே வியாழக்கிழமை அவன் எங்கள் வீட்டில் இருக்கிறான். அன்றைக்குத்தான் நாத்தனார் ரேஷன் கடை, பேங்க் என்று போய் வருகிறாள். சில நாள் சும்மா படுத்துத் தூங்குகிறாள். தேனி கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அலைந்து, பராமரிப்பு உதவித்தொகையும் வாங்கிவிட்டோம். தமிழக அரசு இதை மாதம் 2000 ரூபாயாக உயர்த்தியது.

பிள்ளையை விட்டுவிடும் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் சிசுவைக் காப்பாற்ற அரசு 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் நம் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. வேறு வழி தெரியாத தாய்மார் நம் மண்ணிலும் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்றைக்கும் முடியவே முடியாது என்கிற நிலை வந்தால், புதரிலோ பஸ் ஸ்டாண்டிலோ போட வேண்டாம். 1098-க்கு போன் செய்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க வழி சொல்வார்கள். ஒப்படைத்த பிறகும் மனசு மாற இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது.

தோழிகளே, பிறந்த நாளைக்கு கேக் எடுத்துப் போய் இல்லத்துப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். தப்பில்லை. ஆனால் வாரம் ஒரு நாள் போய், "என்ன வேலை இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லம் தூரமாக இருந்தால் உங்கள் தெருவிலேயே பாருங்கள். இப்படி ஒரு பிள்ளையும், தூங்காத ஒரு அம்மாவும் எங்கேயாவது இருப்பார்கள். இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எங்கள் பையனுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் வியாழக்கிழமை என் செருப்புச் சத்தம் கேட்டால் வாசலைப் பார்த்து, "த்தை" என்கிறான். அவன் பார்க்கிற வாசலுக்கு நான் தவறாமல் போய்விடுகிறேன்.

- ஒரு வாசகி, பொட்டிப்புரம்.