வெயில் குடிக்கும் குளோரின்: வீட்டு நீச்சல் குளத்துக்கு எது பொருந்தும்?

சித்திரை மாதத்துக் காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தோட்ட வீட்டில், குளத்தைப் பார்த்துக்கொள்பவர் சோதனைக் குப்பியில் தண்ணீர் மொண்டு சில சொட்டு மருந்து விடுகிறார். தண்ணீர் நல்ல ரோஜா நிறமாகிறது. குளோரின் 3 பி.பி.எம்., அதாவது ஆயிரம் லிட்டருக்கு 3 கிராம். பிற்பகல் மூன்று மணிக்கு அதே குப்பியை முக்கி எடுத்தால் நிறமே ஏறவில்லை. இடையில் ஒருவர்கூடக் குளத்தில் இறங்கவில்லை. "காலையிலதான சார் ஊத்துனேன், எங்க போச்சு?" என்கிறார்.

வெயிலில் போயிற்று. வீட்டு நீச்சல் குளத்துக்குக் குளோரின் வாங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வெயில் என்ன செய்கிறது?

எந்த வகைக் குளோரினைப் போட்டாலும் தண்ணீரில் கரைந்தபின் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமிகளைப் பெரும்பாலும் கொல்வது இதுதான். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. இதன் வேகம் மிகக் குறைவு. பி.எச். 7.5 அளவில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. பி.எச். 8 ஆகிவிட்டால் அமிலத்தின் பங்கு கால்வாசிக்கு இறங்கிவிடும்.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இவற்றை உடைத்துக் குளோரைடாக மாற்றிவிடுகின்றன. சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடுதான். அதனால் எந்தக் கிருமியும் சாகாது. பாதுகாப்பு ஏதும் இல்லாத குளத்தில், உச்சி வெயிலில், முக்கால் மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

குடையாக ஓர் அமிலம்

இதற்குத் தடுப்பு சயனூரிக் அமிலம். கடையில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இது குளோரினைத் தளர்வாகப் பிடித்துவைத்து வெயிலிலிருந்து காக்கும். செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் போதும்.

அளவு மீறினால் இந்தக் குடையே இடைஞ்சல். பிடி இறுகி, குளோரின் கிருமிகளைக் கொல்லும் வேகம் குறைந்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், சயனூரிக் அமிலம் இல்லாத குளத்தில் குறைந்தது 1 பி.பி.எம். குளோரினும், அது உள்ள குளத்தில் குறைந்தது 2 பி.பி.எம். குளோரினும் இருக்கச் சொல்வது இதனால்தான். வீட்டுக் குளம் வைத்திருப்பவர்களிடம் இன்னொரு கணக்கும் உண்டு: அமிலம் 40 என்றால் குளோரின் 3 வேண்டும், அமிலம் 100 ஆனால் 7, 8 வேண்டும்.

இந்த அமிலம் ஆவியாவதில்லை. ஃபில்டரில் சிக்குவதும் இல்லை. தண்ணீரை வெளியேற்றினால்தான் வெளியேறும். ஆகவே குளோரின் வாங்கும்போது விலையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். குளோரின் எப்படியும் தீர்ந்துவிடும். அது தீர்ந்தபின் குளத்தில் எது தங்கும் என்று கேளுங்கள்.

ஒரே குளம், நான்கு கணக்குகள்

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். நாளொன்றுக்கு 2.5 பி.பி.எம். குளோரின் செலவாவதாக வைத்துக்கொண்டால், தேவை 100 கிராம்.

மாத்திரை: இது ட்ரைகுளோர். டப்பாவில் டி.சி.சி.ஏ. 90 என்று போட்டிருக்கும். 110 கிராம் போதும். மிதவையில் போட்டுவிட்டால் நாள்கணக்கில் கரையும். வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு 100 கிராம் குளோரினோடும் சுமார் 60 கிராம் சயனூரிக் அமிலமும் வந்து சேர்கிறது. நம் குளத்தில் அது தினமும் 1.5 பி.பி.எம். முதல் மாதம் 45 ஏறும், அதுவரை நன்மைதான். மூன்றாவது மாதம் 100ஐத் தாண்டிவிடும். "குளோரின் 3 காட்டுது, ஆனா தண்ணி பச்சை அடிக்குதே" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாத்திரை அமிலத் தன்மை உடையது, பி.எச்.சை இறக்கிக்கொண்டே இருக்கும். தூளாக விற்கும் டைகுளோரில், அதே அளவு குளோரினோடு சுமார் 90 கிராம் அமிலம் சேரும்.

கால்சியம் ஹைப்போகுளோரைட்: 65 சதவீதக் குளோரின் உள்ள தூள் அல்லது குருணை. சுமார் 150 கிராம் வேண்டும். சயனூரிக் அமிலம் சேராது, கால்சியம் சேரும். மாதத்துக்கு 50 பி.பி.எம். அளவுக்குக் கடினத்தன்மை கூடும். மழைநீரில் நிரப்பிய குளம் இதைத் தாங்கும். ஏற்கெனவே கடின நீர் தரும் போர்வெல் என்றால், டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவம் கட்டத் தொடங்கும். சாக்கடைக்கும் கிணற்றுக்கும் போடும் சாதாரண பிளீச்சிங் பவுடரைக் குளத்தில் கொட்ட வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். எஞ்சியது பெரும்பாலும் சுண்ணாம்பு. அது அடியில் படிந்து தண்ணீரைக் கலக்கும்.

லிக்விட் குளோரின்: கடைக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட், 10 முதல் 12 சதவீதம். தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். மிஞ்சுவது சிறிதளவு உப்பு மட்டுமே. குறை ஒன்றுதான்: நம் ஊர்ச் சூட்டில் கேனிலேயே வீரியம் இழந்துவிடும். சில வாரங்களுக்கு மட்டும் வாங்கி, நிழலில் வைக்க வேண்டும்.

உப்புக் குளோரினேட்டர்: குளத்து நீரில் 3,000 முதல் 4,000 பி.பி.எம். உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்தி அங்கேயே குளோரின் தயாரிக்கும் கருவி. நம் குளத்துக்கு 120 முதல் 160 கிலோ உப்பு. கடல்நீரில் இருப்பதில் இது பத்தில் ஒரு பங்குதான். இதில் உருவாகும் குளோரினும் வெயிலில் கரையும். எனவே ஸ்டெபிலைசர் இதற்கும் வேண்டும். கடின நீரில் செல் தகடுகளில் படிவம் ஏறும்.

எதைத் தேர்வது?

திறந்த வெயிலும் போர்வெல் தண்ணீரும் உள்ள குளத்துக்கு என் பரிந்துரை இது. தொடக்கத்தில் ஸ்டெபிலைசரைத் தனியாகப் போட்டு 30, 40க்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு மாலையில், வெயில் தாழ்ந்ததும், மோட்டார் ஓடும்போது லிக்விட் குளோரின் ஊற்றுங்கள். இரவு முழுக்க அது வேலை செய்யும். ஊருக்குப் போகும் ஒரு வாரத்துக்கு மாத்திரை போடுவதில் தவறில்லை. அதனால் ஏறுவது சுமார் 10 பி.பி.எம். அமிலம்தான். ஆண்டு முழுவதும் மாத்திரையை நம்புவதுதான் வினை. அமிலம் 100ஐ எட்டிய குளத்தை 50க்கு இறக்க, பாதித் தண்ணீரை, அதாவது 20,000 லிட்டரை வெளியே விட வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, சென்னைத் தெருக்களில் குடங்கள் லாரிக்காக வரிசையில் காத்திருந்தன. அதைக் கண்ட ஊரில், தவிர்த்திருக்கக்கூடிய ஒரு தவறுக்காக அவ்வளவு தண்ணீரைக் கொட்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கலக்கக் கூடாதவை

மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒரே கரண்டி, ஒரே மிதவை, ஒரே அலமாரி வேண்டவே வேண்டாம். ஹைப்போவில் ஆசிட் பட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். தண்ணீரில் தூளைப் போடலாம். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதையெல்லாம் கையாள்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல, தோட்டக்காரரோ காவலாளியோதான். கையுறையும் கண்ணாடியும் அவருக்கு வாங்கிக்கொடுங்கள்; எது எதோடு சேரக் கூடாது என்று தமிழில் எழுதி அலமாரியில் ஒட்டுங்கள்.

மாதம் ஒருமுறை சயனூரிக் அமிலத்தையும் சோதியுங்கள். குளத்து நீரோடு மருந்தைக் கலந்தால் பால்போலக் கலங்கும். அதை, அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் உள்ள கோடுதான் அளவு. கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி மறைந்தால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள். அன்றே மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.