செய்நிரல் மொழிகளின் எளிமையும் சிக்கலும்

செய்நிரல் மொழிகளுள் எது எளியது, எது சிக்கலானது என்னும் வினாவுக்கு, அவற்றின் இலக்கண விதிகளை எண்ணி விடை கூறுவது பொதுவழக்கு. இவ்வளவுகோல் போதுமானதா என்பதை அல்கோல் மரபின் வரலாறு கொண்டு நோக்குவோம்.

1960இல் வரையறுக்கப்பட்ட அல்கோல் 60, ஒரு பகுதியினுள் மற்றொரு பகுதி அடங்குமாறு நிரலை அமைக்கும் முறையை நிலைநாட்டியது. தன் தொடரியலைத் திட்டவட்டமான விதிகளால் உரைத்தது. அதன் வழித்தோன்றலான அல்கோல் 68, சில அடிப்படைக் கூறுகளைத் தடையின்றி ஒன்றோடொன்று இணைக்க இடமளித்தது. ஆயின், அதன் வரையறை துறைபோந்தோர்க்கும் கடினமாயிற்று. 1968 டிசம்பரில் டைக்ஸ்ட்ரா, ஹோர் முதலியோர் அதனை மறுத்துச் சிறுபான்மை அறிக்கையொன்றில் கையொப்பமிட்டனர். தமது எளிய முன்மொழிவு ஏற்கப்படாத நிக்கிலவுஸ் விர்த், 1970இல் பாஸ்கல் என்னும் சிறுமொழியை வெளியிட்டார்.

பாஸ்கல் கற்பதற்கு எளிது. எனினும், அதன் தொடக்க வடிவில் அணியொன்றின் நீளம் அவ்வணியின் தரவுவகையிலேயே அடங்கியிருந்தது. எனவே பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதிய செயன்முறை இருபது எண்களை ஏற்காது; அதனையே மீண்டும் எழுதவேண்டும். மொழியினின்று நீக்கப்பட்ட சிக்கல் மறைந்துவிடவில்லை. நிரல் எழுதுவோரின் தோளுக்கு இடம்பெயர்ந்தது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் முயற்சியால் உருவாகி 1983இல் நியமமாக்கப்பட்ட அடா, இக்குறையை நீக்கியது. நீளம் வேறுபடும் அணிகளை ஒரே செயன்முறை ஏற்கலாயிற்று. ஒருங்கே நிகழும் பணிகளுக்கும் வழுக்களைக் கையாள்வதற்கும் மொழியிலேயே வழிகள் அமைந்தன. ஆனால் மொழி பருத்தது. அது உருவாகிக்கொண்டிருந்த 1980இலேயே ஹோர் தமது டியூரிங் பரிசுரையில், அப்போதைய நிலையில் அம்மொழியை அணு நிலையங்கள், ஏவுகணைகள் போன்ற, பிழை பொறுக்கவியலாத இடங்களில் பயன்படுத்தலாகாதென எச்சரித்தார். முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாத கருவியை நம்பி மனித உயிர்களை ஒப்படைத்தல் தகுமா என்பதே அவ்வெச்சரிக்கையின் உட்பொருள்.

ஆகவே, சிக்கல் எவ்வளவு என்பதோடு அது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதையும் வினவுதல் வேண்டும். மொழியின் வரையறையிலா, அதனை இயந்திர ஆணைகளாக மாற்றும் தொகுப்பானிலா, அன்றி ஒவ்வொரு நிரலிலுமா? வரையறையில் வைத்தால் கற்போர் சுமப்பர். தொகுப்பானில் வைத்தால் அதனை ஆக்குவோர் சுமப்பர். நிரலில் வைத்தால் எழுதுவோர் அனைவரும் மீண்டும் மீண்டும் சுமப்பர்.

வங்கிக் கணக்கு முதல் மருத்துவக் கருவி வரை இன்று நிரல்களால் இயங்குகின்றன. அவற்றைப் படித்துப் பிழை காணவல்லோர் மிகச் சிலராயின், அவற்றின் மீதான அதிகாரமும் அச்சிலரிடமே குவியும். எனவே மொழியின் எளிமை தொழில்நுட்பச் சிக்கனம் மட்டுமன்று. அறிவு பொதுவுடைமையாவதற்கான நிபந்தனையுமாகும்.