வயலில் பழகிய பூஞ்சை

எருக்குழியைக் கிளறும்போது புகைபோல எழும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் ஏராளமாக இருக்கும். மக்கும் குப்பையின் 50 டிகிரிச் சூட்டிலும் செழிக்கும் பூஞ்சை இது. நம் உடம்புச் சூடெல்லாம் அதற்கு எம்மாத்திரம்! வித்து ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான்தான் என்பதால், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். எல்லோரும் தினமும் இதைச் சுவாசிக்கிறோம். வெள்ளையணுக்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோரிடம்தான் அது முளைவிட்டுத் திசுவைத் துளைக்கிறது. டிபி ஆறிய பிறகு நுரையீரலில் எஞ்சும் குழிக்குள் பந்தாகத் திரண்டு உட்கார்ந்துகொள்வதும் உண்டு. (கொரோனா காலத்தில் நாம் பயந்த ‘கறுப்புப் பூஞ்சை’ வேறு இனம்.)

பூஞ்சை பழையது. மருந்துக்கு அடங்காத அதன் புது வகைகள்தான் இப்போதைய கவலை. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டு, மிக ஆபத்தான நான்கில் இதையும் சேர்த்தது.

இதற்கு முதலில் கொடுப்பது வோரிகொனசோல் போன்ற ‘அசோல்’ மருந்துகள். பூஞ்சை தன் செல் சவ்வைக் கட்ட ஒரு நொதி வேண்டும். அசோல் அதை முடக்கிவிடும். நெல்லுக்கும் கோதுமைக்கும் தெளிக்கும் ஹெக்சகொனசோல், புரோபிகொனசோல், டெபுகொனசோல் ஆகியவையும் இதே குடும்பம், இதே வேலை. வயலிலும் எருக்குவியலிலும் இவற்றின் மிச்சத்தில் வளரும் பூஞ்சையில், அந்த நொதியின் வடிவம் மாறி, அதை அதிகமாகவும் சுரக்கும் வகை பிழைத்துப் பெருகுகிறது. அதன் வித்தைச் சுவாசித்தவர் அசோல் மாத்திரையை வாழ்நாளில் தொட்டே இராவிட்டாலும், மருந்து அவரிடம் பலிக்காது.

நெதர்லாந்தில்தான் இது முதலில் வெளிப்பட்டது. மருந்தில் நனைத்த பூக்கிழங்குகளின் கழிவு மக்கும் குவியல்களில் இந்த வகை மண்டிக் கிடந்தது. 2019-ல் வெளிவந்த அந்நாட்டு ஆய்வொன்றில், மருந்துக்கு அடங்கும் பூஞ்சை தாக்கியவர்களில் 28 சதவீதம் பேர் 42 நாட்களுக்குள் இறந்தனர்; அடங்காத வகை தாக்கியவர்களில் 49 சதவீதம். இந்தியாவில் நெல்வயல், தேயிலைத் தோட்ட மண்ணிலும் இதே மரபணு மாற்றம் இருப்பதை டெல்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2012-ல் தெரிவித்தனர்.

இதிலிருந்து பாடம் கற்றோமா? ஓலோரோஃபிம் என்ற புதிய மருந்து நோயாளிகளிடம் இன்னும் சோதனையில் இருக்கும்போதே, அது தாக்கும் அதே நொதியைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோகுயின் என்ற பயிர்ப் பூஞ்சைக்கொல்லி அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுமதி பெற்றுவிட்டது. வேளாண் துறையும் மருத்துவத் துறையும் கலந்து பேசாமல் அனுமதி வழங்குவது பொறுப்பற்ற செயல்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எருவைக் கிளறும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். டிபி குணமான பிறகும் இருமல், சளியில் ரத்தம், எடைக்குறைவு இருந்து, சளிப் பரிசோதனையில் டிபி கிருமி தென்படாவிட்டால், பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.