சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை: காதுக்குள் நடப்பது என்ன?

"சத்தம் கேக்குது, சொல்றதுதான் விளங்குதில்ல." ஜும்ஆ முடிந்து வெளியே வரும் மூத்தவர்கள் பலர் இப்படிச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். உடனே நாம் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுகிறோம். காது கேட்கும் விதத்தை அறிந்தால், அது ஏன் போதாது என்பது புரியும்.

காற்றில் வரும் அதிர்வு, சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளமான செவிக்கால்வாய் வழியாகச் சென்று செவிப்பறை மென்சவ்வை அதிரச் செய்கிறது. மூன்று சிற்றென்புகள் அதை உட்செவிக்குக் கடத்துகின்றன. அவற்றுள் இறுதியான ஏந்தியுரு, எமது உடலின் மிகச் சிறிய எலும்பு. அது தட்டும்போது, நத்தை ஓட்டைப் போல் சுருண்ட குழாயிலுள்ள திரவத்தில் அலை எழுகிறது. அங்குள்ள மயிர்க்கலங்கள் அந்த அசைவை மின் சைகையாக மாற்ற, செவிநரம்பு அதை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

ஒரு காதில் இத்தகைய கலங்கள் சுமார் 15,000 மட்டுமே. குழாயின் தொடக்கத்தில் இருப்பவை உயர் சுருதிக்கும், உச்சியில் இருப்பவை தாழ் சுருதிக்கும் உரியவை. முதுமையும் பேரிரைச்சலும் முதலில் தாக்குவது உயர் சுருதிப் பகுதியைத்தான். உயிரொலிகளின் பலம் தாழ் சுருதியில் இருக்கிறது. ஸீன், ஸாத், ஃபா போன்ற எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டுவதோ உயர் சுருதி. ஆகவேதான் ஓசை கேட்கிறது, எழுத்து தொலைந்துவிடுகிறது.

அவர்களுக்குத் தேவை இரைச்சல் அல்ல. முகம் பார்த்து, நிதானமாக, தெளிவாகப் பேசுவதே உதவும். கேட்டல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளின் பொறுப்பு.

இளையவர்கள் விடயம் இன்னும் கவலைக்குரியது. மனிதரில் அழிந்த மயிர்க்கலம் மீண்டும் வளர்வதில்லை. 85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது தொழிலிடங்களுக்கான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடங்கள்தான். இரவு முழுவதும் இயர்போனோடு உறங்கும் பிள்ளையும், கலியாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு அருகில் அமரும் குழந்தையும் இந்தக் கணக்குக்குள் அடங்குவர்.

செவிப்புலனைப் பற்றியும் விசாரிக்கப்படும் என அல்குர்ஆன் (17:36) எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதற்காகவே இதை நாம் வழமையாக நினைவூட்டுகிறோம். அந்த அமானிதத்தை எப்படிப் பாதுகாத்தோம் என்பதையும் சேர்த்தே சிந்திப்போம்.